மழையில் பறக்கலாமா

எனக்குக் கோபம் வரும். அமைச்சரின் தனிச் செயலாளருக்குக் கோபம் வரக்கூடாது என்பார்கள். சொல்கிறவர்கள் ஒருநாள் வந்து என் நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கட்டும்.

எங்கள் அமைச்சர் ஒரு பல் டாக்டர். தேர்தலுக்கு முன்புவரை பல் பிடுங்கிக்கொண்டிருந்தவர். ஜெயித்ததும் சுகாதாரத் துறை கிடைக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தார், பாதுகாப்புத் துறையைத் தூக்கி மடியில் போட்டுவிட்டார்கள். அலுவலகத்தில் எல்லோரும் அவரை டாக்டர் என்றுதான் சொல்வோம். நல்ல மனுஷி. தெரியாததைத் தெரிந்தமாதிரி காட்டிக்கொள்ள மாட்டார், பட்டென்று கேட்டுவிடுவார். அந்த நல்ல குணம்தான் எங்கள் குடும்பத்தைப் பிடித்து ஆட்டியது.

பதவிக்கு வந்த புதிதில், விமானப்படை எப்படி இயங்குகிறது என்று அவருக்கு விளக்குவதற்காகத் தளபதி வந்திருந்தார். முழுப் படைக்கும் தலைவர், ஆனால் இரைந்து பேசி நான் கேட்டதில்லை. சுவர் முழுக்க ஒரு படம் மாட்டினார்கள். கட்டங்கள், கட்டங்களுக்கு நடுவே கோடுகள். பக்கத்தில் துறைச் செயலாளர் உட்கார்ந்திருந்தார். அவருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் கால்புள்ளி. கோப்பில் எதை எழுதினாலும் நாலு வார்த்தைக்கு ஒரு கால்புள்ளி போடுவார், பேசும்போதும் போடுவார்.

"இதுல நான் எங்க இருக்கேன்?" என்று கேட்டார் டாக்டர்.

"நீங்க இங்க, மேடம்," என்று தளபதி மேல் கட்டத்தைக் காட்டினார்.

"அப்ப நீங்க எனக்குக் கீழ."

"ஆமா, மேடம்."

"செயலாளர் சாரும் எனக்குக் கீழ. அப்ப நீங்க அவருக்குக் கீழயா, மேலயா?"

தளபதி கால்புள்ளியைப் பார்க்கவில்லை. கால்புள்ளி தளபதியைப் பார்க்கவில்லை.

"பக்கத்துலன்னு, சொல்லலாம், மேடம்," என்றார் கால்புள்ளி. "ஆனா, சில விஷயங்கள்ல, அப்படிச் சொல்லவும் முடியாது."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் டீயைப் பார்த்தேன்.

முழுக்கோடு என்றால் உத்தரவாம், புள்ளிக்கோடு என்றால் ஆலோசனையாம். அமைச்சரவை சொல்லாமல் படை ஒரு குண்டுகூடப் போடாது. எந்த விமானத்தை, எப்படி, எந்தப் பக்கமாக ஓட்டுவது என்பதில் அமைச்சரவை மூக்கை நுழைக்காது. தலைமையகம் ஒன்று, அதற்குக் கீழே கமாண்டுகள், அதற்குக் கீழே தளங்கள், தளத்துக்குள்ளே படையணிகள். டாக்டர் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை மாதிரி தலையாட்டிக்கொண்டிருந்தார். பாதிக்கு மேல் அவருக்கும் புரியவில்லை, எனக்கும் புரியவில்லை.

அடுத்ததாகத் திரையில் ஒரு ஹெலிகாப்டர் வந்தது. டாக்டர் முகம் மலர்ந்தது.

"ஐயோ, இதை நான் காலேஜ் படிக்கும்போதே பார்த்திருக்கேனே! இன்னும் ஓடுதா? இதையெல்லாம் மழையில பறக்க விடணுமா?"

"புரிஞ்சுது, மேடம்," என்றார் தளபதி. அவருடைய உதவி அதிகாரி ஏதோ குறித்துக்கொண்டார். அடுத்த படம் வந்தது. நான் அங்கேதான் இருந்தேன், எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

என் தம்பி ஓட்டுவது அதே ரக ஹெலிகாப்டர்தான்.

மழைக்காலம் ஆரம்பித்துக் கொஞ்சநாள் ஆகியிருந்தது. ஒரு மதியம், சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்திருக்கும்போது அம்மா போன் செய்தாள்.

"ஏண்டி, உங்க ஆபீஸ்ல என் பிள்ளையைப் பறக்கக் கூடாதுன்னு சொல்லிட்டீங்களாமே? நல்லா இருக்குடி உங்க நியாயம்!"

"என்னம்மா உளர்ற?"

"நான் ஏன் உளர்றேன்? அவனையே கேளு."

அவனைக் கேட்டேன். தம்பி எதையும் பெரிதுபடுத்திச் சொல்கிறவன் இல்லை, நாம்தான் ஒவ்வொன்றாகப் பிடுங்கவேண்டும். தளத்துக்கு அந்தப் பக்கம் ஆற்றில் பாலம் கட்டிக்கொண்டிருந்தார்கள். திடீரென்று வெள்ளம் வந்து, வேலையாட்கள் நடு ஆற்றில் ஒரு தூண்மேல் மாட்டிக்கொண்டார்கள். தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்தது. மாவட்ட அதிகாரி தளத்துக்குப் போன் செய்து கெஞ்சியிருக்கிறார். பழைய ரகம் மழையில் பறக்கக் கூடாது என்று உத்தரவு இருக்கிறது, புதிய ரகம் வந்துசேரச் சாயங்காலம் ஆகிவிடும் என்று தளத் தலைவர் சொல்லியிருக்கிறார். தம்பி எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான். இரண்டு நடை. ஒருத்தர்கூட விடுபடாமல் எல்லோரையும் கொண்டுவந்து சேர்த்துவிட்டான்.

"அப்புறம்?"

"தளத் தலைவர் ஓடி வந்து கட்டிப்பிடிச்சார்க்கா."

"சரி."

"அப்புறம் தொப்பியைச் சரி பண்ணிக்கிட்டு, 'நீ இனிமே பறக்க வேண்டாம், விசாரணை இருக்கு'ன்னார்."

"அடப்பாவிகளா! யாருடா அந்த உத்தரவைப் போட்டது?"

"மேலேர்ந்து வந்தது."

"மேலன்னா?"

"மேலதான்க்கா. எனக்கென்ன தெரியும்."

அவன் வேலையே போய்விடலாம் என்பதை அதற்கப்புறம்தான் சொன்னான், ஏதோ பஸ் போய்விட்டது என்கிற மாதிரி. சின்ன வயதில் மொட்டை மாடியிலிருந்து குடையைப் பிடித்துக்கொண்டு குதித்துக் காலை உடைத்துக்கொண்டவன் அவன். பறப்பதைத் தவிர அவனுக்கு வேறு எதுவும் தெரியாது, பிடிக்காது. டப்பாவை மூடிவிட்டேன்.

சரி, அந்த மேல் எங்கே இருக்கிறது என்று பார்த்துவிடலாம் என்று போனை எடுத்தேன். தளத் தலைவர், "கமாண்டு சொன்னதைத்தான் நான் செஞ்சேன், மேடம்," என்றார். கமாண்டில் கேட்டால், "நாங்களா? தலைமையகம் சொன்னது," என்றார்கள். தலைமையகத்தில் ஒருவர், "அது அமைச்சகத்தோட விருப்பம், மேடம்," என்றார்.

"விருப்பமா, உத்தரவா?"

"எங்ககிட்ட வரும்போது விருப்பமாத்தான் வந்தது. நாங்க அதை அறிவுறுத்தலா அனுப்பினோம்."

கமாண்டு அந்த அறிவுறுத்தலை உத்தரவாக அனுப்பியிருக்கிறது. தளம் அதற்கு மேலே 'கண்டிப்பாக' என்று ஒன்றைச் சேர்த்து அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறது. யாரும் பொய் சொல்லவில்லை. ஆளாளுக்குக் கொஞ்சம் இறுக்கிக் கட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

கால்புள்ளியின் அறைக்குப் போனேன்.

"நாங்க, எதுவும், எழுதவே இல்லையே," என்றார். "அமைச்சர் அலுவலகத்துலேர்ந்து, யாராவது, சொல்லியிருப்பாங்க."

அமைச்சர் அலுவலகம் என்றால் நான்தான். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டமாதிரி அலைந்து, கடைசியில் என் மேஜைக்கே வந்து நிற்கிறேன்! கடுப்பில், அன்றைக்குக் குறித்துக்கொண்ட அந்த உதவி அதிகாரியைக் கூப்பிட்டுவிட்டேன். இஸ்திரி மடிப்புக் கலையாமல் வந்து நின்றார்.

"அமைச்சர் எப்போய்யா இதைச் சொன்னாங்க?"

"அன்னைக்குக் கேட்டாங்களே, மேடம். மழையில பறக்க விடணுமான்னு."

"கேட்டாங்க. கேள்விதானே கேட்டாங்க?"

"எங்ககிட்ட மேல இருக்கறவங்க 'இதைச் செய்யணுமா'ன்னு கேட்டா, செய்ய வேண்டாம்னு அர்த்தம், மேடம். சேர்ந்த நாள்லேர்ந்து அப்படித்தான் பழக்கம்."

"அப்ப நிஜமாவே ஒரு விஷயம் தெரியலைன்னா, உங்க ஆளுங்க எப்படிக் கேப்பாங்க?"

அவர் உண்மையாகவே யோசித்தார். "மேல இருக்கறவங்க கேக்க மாட்டாங்க, மேடம்," என்றார்.

சிரிப்பதா, அழுவதா? நேரே டாக்டரிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினேன். அவன் என் தம்பி என்பதையும் சொன்னேன். சொல்லாமல் இருந்திருந்தால் அது வேறு வம்பாகியிருக்கும். டாக்டரின் முகம் வெளுத்துவிட்டது.

"நான் தெரியாமத்தானேம்மா கேட்டேன்? பதில் சொல்லுவாருன்னு நினைச்சேன்." சொல்லிக்கொண்டே போனை எடுத்தார். "அந்தத் தளத்து நம்பர் சொல்லுங்க. இப்பவே அந்தப் பையனை விடச் சொல்றேன்."

நான் நம்பரைச் சொல்லியிருப்பேன். வாய்வரை வந்துவிட்டது. அதற்குள் தளபதி உள்ளே வந்துவிட்டார், கூடவே கால்புள்ளியும். நான் போட்ட சத்தம் தலைமையகம்வரை கேட்டிருக்கவேண்டும். டாக்டர் போனைக் கையில் பிடித்துக்கொண்டே கேட்டார்.

"நான் சொன்னது உத்தரவா?"

"நீங்க சொன்னதை வச்சு நான் அனுப்பினதுதான் கீழ போய் உத்தரவாச்சு, மேடம். திரும்ப ஒருதடவை உங்களைக் கேட்டிருக்கணும், கேக்கலை. அதுக்கு நான் வேணா விலகிக்கறேன். ஆனா அது முறையான உத்தரவு. அந்த ஆபீஸர் அதை மீறிட்டார்."

"மீறி உயிரைக் காப்பாத்தியிருக்கான்!"

"ஆமா, மேடம்."

"அப்ப நான் தளத்துக்குப் போன் பண்ணிச் சொல்லிடறேன்."

"சொல்லுங்க. கேப்பாங்க. அதுதான் எனக்குப் பயம்."

"இதுல என்ன பயம்?"

"நாளைக்கு உங்க நாற்காலியில வேற ஒருத்தர் உக்காருவார். வேற ஒரு தளத்துக்கு, வேற ஒரு காரியத்துக்காக, நேரா போன் பண்ணுவார். அதையும் கேப்பாங்க, மேடம்."

டாக்டர் போனை வைத்துவிட்டார். எனக்கு அந்த மனிதரை அப்படியே பிடித்துத் தள்ளவேண்டும்போல இருந்தது. அவர் சொன்னதில் தப்பு எங்கே என்று தேடித் தேடிப் பார்த்தேன், அகப்படவில்லை. அதனால் இன்னும் எரிச்சல்.

கால்புள்ளிதான் தொண்டையைச் செருமினார். "இதுக்கு, ஒரு வழி, இருக்கு. அந்த உத்தரவு, தனக்கு வந்து சேரலைன்னு, பையன் விசாரணையில சொல்லிட்டா, போதும். தெரியாம செஞ்சது, குத்தமில்லை. யாருக்கும், நஷ்டமில்லை."

ஒரே ஒரு பொய். டாக்டருக்கும் நிம்மதி, தளபதிக்கும் நிம்மதி, தம்பிக்கு வேலை. எல்லோரும் மெதுவாக என் பக்கம் திரும்பினார்கள். வாழ்க்கையில் முதல்முறையாகக் கால்புள்ளியைக் கும்பிடவேண்டும்போல இருந்தது.

தம்பி அம்மா வீட்டுக்கு வந்திருந்தான். கூடத்தில் தரையில் உட்கார்ந்து அம்மாவின் பழைய மின்விசிறியைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தான். நான் செருப்பைக்கூடக் கழற்றாமல் விஷயத்தைச் சொன்னேன்.

"எனக்கு உத்தரவு தெரியுமேக்கா," என்றான்.

"தெரியும்டா. தெரியாதுன்னு சொல்லு."

"முடியாது."

"ஏன் முடியாது? வாயில என்ன கொழுக்கட்டையா?"

ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தான். "கதவைச் சாத்தும்போது கோ-பைலட் கேட்டான், 'சார், ஆர்டர் இருக்கே'ன்னு. 'இருக்கு, மீறித்தான் போறேன், வேணாம்னா நீ இறங்கிக்கோ'ன்னேன். அவன் இறங்கல. விசாரணையில அதை அப்படியே சொல்லியிருக்கான். இப்ப நான் தெரியாதுன்னு சொன்னா அவன் பொய் சொன்னவனாயிடுவான்."

"அவனையும் மாத்திச் சொல்லச் சொல்லு!"

"நல்ல அக்காதான் போ."

"சொல்லிட்டுத்தான் போயேண்டா," என்றாள் அம்மா. "யாருக்கு நஷ்டம்? எல்லாப் பிள்ளைங்களும் சொல்ற பொய்தானே?"

"அம்மா, ஒண்ணு சொல்லவா? அந்த ஆர்டர் தப்பே இல்லை." அவன் என்னைப் பார்த்துத்தான் சொன்னான். "அந்த மெஷின் மழையில ஆடும். உங்க டாக்டரம்மா தெரியாம கேட்டாங்களோ, தெரிஞ்சு கேட்டாங்களோ, சரியாத்தான் கேட்டாங்க. போகும்போதும் வரும்போதும் எனக்குக் கை நடுங்கிச்சு."

அதுவரை இதில் ஒரு முட்டாள் இருக்கிறான், தேடிப் பிடித்துவிடலாம் என்று நினைத்திருந்தேன். உத்தரவும் சரி, மீறியதும் சரி என்றால் நான் யாரைத் திட்டுவது?

"அப்ப ஏண்டா போன?"

"அந்த மாவட்ட அதிகாரி போன்ல அழுதார்க்கா."

"நீ என்ன பெரிய உத்தமனா? இனிமே பறக்கவே விடமாட்டாங்கடா! புரியுதா உனக்கு?" நான் கத்தியதில் பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. "நான் எப்படியெல்லாம் பேசி இந்த வழியைக் கொண்டுவந்திருக்கேன் தெரியுமா? நாசமாப் போ!"

சொன்ன வாயை உடனே பொத்திக்கொண்டேன். அவன் மின்விசிறியை மறுபடி பூட்ட ஆரம்பித்தான். அம்மா அழுதாள், நானும் அழுதேன், மின்விசிறி ஓடியது.

விசாரணையில் அவன், "உத்தரவு தெரியும், மீறினேன்," என்று மட்டும் சொன்னானாம். ஏன் என்று கேட்டதற்கு, ஆட்கள் மாட்டிக்கொண்டிருந்தார்கள் என்றானாம். பணிநீக்கம் என்று தீர்ப்பு வந்தது. ஓர் அதிகாரியைப் பணியிலிருந்து நீக்கவோ, தண்டனையைக் குறைக்கவோ அமைச்சர் கையெழுத்து வேண்டும். கோப்பு வந்த அன்று, "நீங்க இதுல இருக்கக் கூடாதும்மா, வெளிய இருங்க," என்று டாக்டர் சொல்லிவிட்டார். நியாயம்தான். ஆனாலும் சுருக்கென்றது.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். தளபதியும் வந்து அதே பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்தார்.

"வேலையிலேர்ந்து அனுப்ப வேண்டாம், பறக்கறதை மட்டும் நிறுத்தினா போதும்னு எழுதிக் குடுத்தது நான்தான்," என்றார் திடீரென்று.

"ரொம்ப உபகாரம். மீனைத் தண்ணியிலேர்ந்து எடுத்துத் தட்டுல வச்சுட்டு, சாகடிக்கலை பாருன்னு சொல்றீங்களா?"

நான் பேசிய தொனிக்கு வேறு ஒருவராக இருந்தால் எழுந்து போயிருப்பார். அவர் உட்கார்ந்தே இருந்தார்.

"அவர் இடத்துல நான் இருந்திருந்தா நானும் பறந்திருப்பேன்," என்றார். "ஆனா சரின்னு பட்டதுக்காக ஒருத்தரை விட்டுட்டா, அடுத்து வர்றவனுக்கு எது வேணும்னாலும் சரின்னு படும். எங்ககிட்ட இருக்கறது குண்டும்மா. விருப்பப்பட்டபடி பறக்கற விமானப்படையைப் பார்த்து நீங்களே பயப்படுவீங்க."

"உங்க நியாயத்துல இடி விழ," என்றேன்.

"விழட்டும்," என்றார் அவர். அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. என்ன மனிதர்கள் இவர்கள், எனக்குப் புரியவே இல்லை.

கதவு திறந்தது. டாக்டர் மூக்கைத் துடைத்துக்கொண்டே வந்தார். கையெழுத்துப் போட்டுவிட்டார்: வேலையில் இருக்கலாம், இனிப் பறக்க முடியாது. அதோடு இன்னொரு உத்தரவிலும் கையெழுத்துப் போட்டிருந்தார். கூட்டத்தில் அமைச்சர் வாயால் சொல்வது எதுவும் எழுத்தில் வரும்வரை உத்தரவு ஆகாது. உயிருக்கு ஆபத்து என்றால், பழைய ரகத்தை மழையில் எடுக்கலாமா வேண்டாமா என்பதைத் தளத் தலைவரும் ஓட்டுகிறவரும் முடிவு செய்துகொள்ளலாம்.

"இதைக் கொஞ்சம் முன்தேதி போட்டுப் போட்டா என்ன, சார்?" என்று கால்புள்ளியிடம் கேட்டேன். வெட்கத்தை விட்டுத்தான் கேட்டேன்.

"உத்தரவு, முன்னாடிதான் போகும்மா," என்றார் அவர். "பின்னாடி, போகாது."

டாக்டர் என் தோளைப் பிடித்துக்கொண்டார். "பல்லு பிடுங்கும்போது வலிக்குதான்னு கேப்பேன்மா. வாய் நிறையப் பஞ்சை வச்சுக்கிட்டுகூடப் பதில் சொல்லிடுவாங்க. இங்க ஒருத்தரும் வாயைத் திறக்க மாட்டேங்கறாங்களே." எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. வந்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன்.

அடுத்த மாதம் அம்மாவை அழைத்துக்கொண்டு தளத்துக்குப் போனேன். தம்பியைக் கிடங்கில் போட்டிருந்தார்கள். மழைக்கோட்டு, உயிர்காப்பு அங்கி, கயிறு எல்லாம் எடுத்துக்கொடுக்கிற வேலை. அங்கிகளை அளவுவாரியாக அடுக்கி வைத்திருந்தான். அம்மா ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்து, "நல்லா வச்சிருக்கான், இல்ல?" என்று என்னைக் கேட்டாள். நான் தலையாட்டினேன்.

மழை பிடித்துக்கொண்டது. சைரன் ஒலித்தது. நாலைந்து பேர் ஓடி வந்தார்கள், தம்பி ஆளுக்கு ஏற்ற அங்கியைக் கையில் கொடுத்தான். ஆற்றின் கீழ்ப்பகுதியில் ஏதோ படகு கவிழ்ந்துவிட்டதாம். முன்னால் ஓடியவன் அன்றைக்கு இறங்காமல் இருந்த அந்த கோ-பைலட். இப்போது அவன்தான் ஓட்டுகிறவன். கிடங்கு வாசலில் ஒரு நொடி நின்று தம்பியைப் பார்த்தான்.

"போடா, போ," என்றான் தம்பி.

பழைய ஹெலிகாப்டர் மழைக்குள் ஆடி ஆடி மேலே ஏறியது. தம்பி வாசலில் நின்று, சத்தம் அடங்கும்வரை அதையே பார்த்தான். வலது கை விரல்கள் மட்டும் எதையோ பிடித்திருப்பதுபோல மடங்கி மடங்கி விரிந்தன. அம்மா பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"நீங்க ஆர்டரை மாத்தினதாலதான்க்கா அவன் இப்ப மேல யாரையும் கேக்காம போறான்," என்றான். "உன் டாக்டரம்மாகிட்ட சொல்லு. எனக்கு அது போதும்."

எனக்குப் போதவில்லை.